புகையைத் தின்னும் பற்றீரியா: கேள்வி பதில்

சம்மாந்துறை: காபனீரொட்சைட்டைத் தின்று வளரும் பற்றீரியா இருக்கிறதாமே, எங்கள் அரிசி ஆலைப் புகைக்குள் அதை விட்டால் என்ன?

சூட்டிலேயே செத்துப்போகும். புகையை ஆறவைத்துத் தாங்கித் தண்ணீருக்குள் செலுத்தலாம். ஆனால் சக்தி எங்கிருந்து வரும்? காபனீரொட்சைட்டு எரிந்து முடிந்த சாமான், அடுப்புச் சாம்பல் மாதிரி. அதைத் திரும்ப உணவாக்க நெல்லுக்கு வெயில் இருக்கிறது. தாங்கிக்குள் கிடப்பதற்குச் சக்திக்காக ஐதரசனோ போமேற்றோ (போமிக்கமிலத்தின் உப்பு) நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

மட்டக்களப்பு, ஏ.எல். மாணவி: குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியா சீனி இல்லாமல், காபனீரொட்சைட்டில் வளர்ந்தது எப்படி?

நல்ல கேள்வி மகள். 2019இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரொன் மைலோவின் குழு செய்தது. பயிர்கள் காபனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியத்துக்கான ஜீனையும் வேறு சிலவற்றையும் உள்ளே வைத்தார்கள். அதனால் மட்டும் அது சீனியை விட்டுவிடவில்லை. மறுகா சீனியை மட்டுமட்டாகக் கொடுத்து, காபனீரொட்சைட்டும் போமேற்றும் தாராளமாக வைத்து, மாதக்கணக்கில் பட்டினி போட்டார்கள். சுமார் 200 நாளில், உடம்பின் காபன் முழுவதையும் காபனீரொட்சைட்டிலிருந்தே எடுக்கும் வகை பிழைத்து வந்தது. இரட்டிக்க 18 மணித்தியாலம். இரவு உறை ஊற்றினால் விடியச் சட்டியில் தயிர் கட்டிவிடும். அதற்குள் இது ஒருதடவைகூட இரட்டித்திராது.

காத்தான்குடி: அப்படியென்றால் காற்று சுத்தமாகுமா?

ஆகாது. போமேற்றை உடைக்கும்போது, எடுப்பதைவிடக் கூடுதலான காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது.

காத்தான்குடி (மீண்டும்): அப்போ இது ஏமாற்றுத்தானே?

இல்லை காக்கா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குறையை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சீனி தின்று வாழ்ந்த உயிர் பயிரைப்போல உடம்பு கட்டியதுதான் சாதனை. போமேற்றைச் சூரிய மின்சாரத்தில், காபனீரொட்சைட்டிலிருந்தே செய்தால் கணக்கு மாறும்.

வாகரை: கண்ணா (கண்டல்) மரம் நட்டால் போதாதா?

கட்டாயம் நடுங்கள். ஆனால் உருக்காலைப் புகைக்குக் கண்ணா உதவாது. சீனாவில் 2018 முதல் லான்சாடெக் என்ற கம்பனியின் முறையில் அந்தப் புகையைப் பற்றீரியா எதனோலாக்குகிறது. அதில் இன்னும் எரியக்கூடிய காபனோரொட்சைட்டு என்ற வேறு வாயு இருப்பதால் சக்தியும் புகையிலேயே கிடைக்கிறது.

ஏறாவூர்: கூட்டெரு நாறுகிறது.

கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

கல்முனை: வாவிக்குள் விட்டால்...

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். விடக்கூடாது. ஜீன் மாற்றிய எதுவும் மூடிய தாங்கியை விட்டு வெளியே வரக்கூடாது. வாவியில் அதற்குப் போமேற்று ஊற்றப்போவது யார்?