ஆல்பிரட் பெல்டன் வாழ்ந்த ஓட்டல்

கேள்வி: மெல்போர்னில் இருக்கும் மகன் எங்களை செயின்ட் கில்டா கடற்கரைக்கு அழைத்துப் போனான். கடலைப் பார்த்தபடி பெரிய வெள்ளைக் கட்டடம், எஸ்பிளனேட் ஓட்டல். உள்ளே எட்டிப் பார்த்தால் பீரும் பாட்டும்தான். ‘இது ஊரின் பொக்கிஷம்’ என்கிறான் மகன். ஒரு மதுக்கூடத்துக்கு அப்படி என்ன பெருமை? – வாசகி, திருச்சி

பதில்: மகன் சொன்னது சரிதான் அம்மா. நான் குடிப்பவன் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதற்குக் காரணம் ஆல்பிரட் பெல்டன் என்ற மனிதர்.

அந்த ஓட்டல் 1878இல் திறக்கப்பட்டது. மதுக்கூடம் நடத்துகிறவர்கள் தங்கும் அறைகளும் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அப்படி அங்கே தங்க வந்தவர்தான் பெல்டன். இங்கிலாந்திலிருந்து 1853இல், தங்கம் தேடி மக்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குவிந்த காலத்தில், கப்பலேறி வந்தார். மருந்து வியாபாரம், கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலை என்று பெரும் பணம் சேர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் அந்த ஓட்டல் அறைகளையே வீடாக்கிக்கொண்டார். அறை முழுக்க ஓவியங்கள், புத்தகங்கள், சிலைகள். 1904 ஜனவரியில் இறந்தபோது ஏறத்தாழ 3,78,000 பவுண்டு விட்டுச் சென்றார். அதன் வருமானத்தில் பாதி தர்ம காரியங்களுக்கு, மறுபாதி மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்துக்குக் கலைப்பொருள் வாங்க என்று உயில். ஓட்டல் அறைகளிலேயே வாழ்ந்து மறைந்தவர் ஓர் ஊருக்கே இப்படி எழுதிவைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நெகிழ்கிறது. ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருந்த, இத்தாலிய ஓவியர் தியெபோலோவின் ‘கிளியோபாட்ராவின் விருந்து’ ஓவியம் 1933இல் மெல்போர்னுக்கு வந்தது அவர் பணத்தில்தான்.

அப்புறம் வந்தது ஆறு மணிக் காலம். முதல் உலகப் போரின்போது, 1916இல், மதுக்கூடங்களை மாலை ஆறு மணிக்கே மூட வேண்டும் என்று மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சட்டம் வந்தது. 1966 வரை அது நீங்கவில்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே அடித்துப் பிடித்துக் குடிப்பார்களாம்.

பின்னாளில் இந்த ஓட்டல் இசைக்காரர்களின் இடமானது. 1990களில் பின்பக்கம் முப்பதுக்கும் மேற்பட்ட மாடிகளோடு ஒரு கோபுரம் கட்டத் திட்டம் வந்தபோது ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள். கடைசியில் அதைவிட மிகக் குள்ளமான கட்டடம்தான் எழுந்தது. 2015இல் மூடிக் கிடந்த ஓட்டலை 2018 நவம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். இப்போது மேல்மாடியில் பெல்டன் பெயரிலேயே ஒரு பார் இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது அங்கிருந்து 16ஆம் எண் டிராம் ஏறுங்கள். செயின்ட் கில்டா சாலையில் ஓவியக்கூட வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. படங்களுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அட்டைகளைப் படியுங்கள். பெல்டன் பெயர் பல இடங்களில் கண்ணில் படும்.