கல்ஃப் வேலைக்கான மெடிக்கலில் தம்பிக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) பாசிட்டிவ். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு டெஸ்ட்?

கல்லீரலுக்கு வலி தெரிவது அதன் மேலுறையில்தான். உள்ளே வருஷக்கணக்கில் தழும்பு ஏறினாலும் ஆள் தெம்பாகவே இருப்பார். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கலாம் என்று காத்திருப்பது நம் வேலூர்ப் பக்க வழக்கம். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யில் மஞ்சள் தெரியும்போது பல நேரம் கல்லீரல் நிறையவே கெட்டிருக்கும்.

சரி, ஒரு தடவை நார்மல் என்று வந்துவிட்டால் போதாதா? போதாது. இந்த வைரஸ் அடங்கியிருந்து திடீரென்று கிளம்பும். அதனால்தான் ஏ.எல்.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வைரஸ் அளவு இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஏறினால் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைக்கும். இன்னொன்று, சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப் போவது, வராமலேயே கல்லீரல் புற்றுநோய் வரலாம். நாற்பது தாண்டிய ஆண்களுக்கும், குடும்பத்தில் அந்த நோய் இருந்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் சொல்வது அதற்காகத்தான்.

2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். அப்புறம், அம்மா, நீங்கள், தம்பி மனைவி எல்லோரும் ரத்தம் பார்த்துவிடுங்கள். நெகட்டிவ் என்றால் தடுப்பூசி. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, அவரை ஒதுக்க வேண்டாம்; ஷேவிங் பிளேடு போன்ற ரத்தம் படக்கூடிய பொருட்கள் மட்டும் தனியாக இருக்கட்டும்.