பத்து நாளாக வெயில்தானே, மலைக்குப் போகலாமா?

தம்பி, சுவிஸில் பேர்ண் நகரத்தில் பத்து நாளாக நல்ல வெயில், மலையில் புதிதாக ஸ்னோவும் விழவில்லை, சனிக்கிழமை வேலையிட நண்பர்களோடு ஓபர்லாண்ட் மலைப் பக்கம் ஸ்னோ சூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் அகலமான தட்டு) போட்டு நடக்கப் போகலாமா, இனிப் பனிச்சரிவு வராதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். 11 மணிக்கு நடக்கத் தொடங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மார்ச் மாதத்தில் அந்த 11 மணிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்னோ விழாத நாட்களில் ஆபத்து பொதுவாகக் குறையும், உண்மைதான். காற்று கொண்டுவந்து குவித்த பனி மெல்ல மெல்ல இறுகிவிடும். ஆனால் வெயில் ஏற ஏற மேற்பரப்பு உருகி, தண்ணீர் உள்ளே இறங்கும். துகள்களுக்கிடையே உள்ள பிடிப்பு விட்டுப்போகும். அப்படி ஈரம் ஏறிய பனி, யாரும் மிதிக்காமலே கழன்று வரும்.

அதனால் முந்தின இரவு வானம் எப்படி இருந்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். வானம் தெளிந்திருந்தால், காற்று பூச்சியத்துக்கு இரண்டு மூன்று பாகை மேலே இருந்தாலும்கூட, பனி தன் சூட்டை மேலே விட்டு உறைந்துவிடும். காற்று வறண்டிருந்தால் இன்னும் நன்றாக உறையும். முகில் மூடிய இரவென்றால் போர்வை போட்ட மாதிரி, சூடு வெளியே போகாது. அப்படியான நாளில் விடியற்காலையில் போனாலும் பனி இளகித்தான் இருக்கும், நான் போகமாட்டேன். நன்றாக உறைந்த நாளிலும் வெயில் முதலில் கிழக்குச் சாய்வில் விழும், அப்புறம் தெற்கு, பின்னேரம் மேற்கு. கால் கணுக்கால் வரை புதைந்தாலோ, பாறைகளுக்குக் கீழே பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ உடனே திரும்புங்கள்.

வெயில் படாத வடக்குப் பக்கம் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிய பனிக்குள் உருவான சீனிபோன்ற தளர்ந்த அடுக்கு அங்கே வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். நடக்கும்போது ‘வும்’ என்று சத்தம் கேட்டால் அது உடைகிறது என்று அர்த்தம். புல் சாய்வுகளில் நிலம் தெரிகிற அளவுக்குப் பிளவு தெரிந்தால் அதன் கீழே நிற்கவே கூடாது. முழுப் பனியும் நிலத்தோடு வழுக்கி வரும், அதற்கு இரவு பகல் கிடையாது.

டாவோஸில் உள்ள எஸ்எல்எஃப் என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. காலை 8 மணிக்கு அதைப் புதுப்பிப்பார்கள். ‘வைட் ரிஸ்க்’ செயலியில் ஆங்கிலத்திலும் வாசிக்கலாம். ஆபத்துக்கு ஐந்து படிநிலைகள் உண்டு. நிறையப் பேர் மூன்றை ‘நடுத்தரம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது மிகவும் தவறு. இங்கே உயிரிழப்புகளில் பெரும்பங்கு மூன்றாம் படியில்தான் நடக்கிறது. எண்ணை மட்டும் பார்க்காமல் எந்தத் திசை, எத்தனை மீட்டருக்கு மேல், பகலில் ஆபத்து ஏறுமா என்பதையும் வாசியுங்கள். சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளை நிறத்தில் காட்டும் வசதி இருக்கிறது. உங்கள் பாதை அந்த நிறத்தில் இல்லாவிட்டாலும் மேலே அந்த நிறம் இருந்தால், அங்கே கழன்றது உங்கள் மேல்தான் வரும்.

முதல் தடவை என்பதால் பிங்க் நிறப் பலகை போட்ட பாதையிலேயே போங்கள். அன்று அது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆபத்தென்றால் மூடிவிடுவார்கள். நண்பர்கள் பாதையை விட்டு ஏற வேண்டும் என்றால், எல்லோரிடமும் புதைந்தவரைத் தேடும் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் இருக்கிறதா, பாவிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். புதைந்தவரை முதல் கால் மணிநேரத்துக்குள் எடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர்களால்தான் அது முடியும். ரேகா என்ற மீட்பு ஹெலிகொப்டர் சேவையின் இலக்கம் 1414, அதையும் பதிந்து வையுங்கள்.

சனி காலை முதல் ரயிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். வர முடியாது என்றால், மத்தியானத்தில் தட்டையான பள்ளத்தாக்குப் பாதை ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம்.