‘ஹேவ் வொர்க்டு’ என்றால் வேலையை விட்டுவிட்டதாக அர்த்தமா?

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “2019லிருந்து எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஓ.எம்.ஆர். பக்கம் இன்டர்வியூ வருகிறது. ‘ஐ ஹேவ் வொர்க்டு ஹியர் ஸின்ஸ் 2019’ என்று சொன்னால் வேலையை விட்டுவிட்டதாக நினைப்பார்கள், ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’தான் சரி என்கிறார் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில். இதற்கென்றே தனி கோர்ஸாம், 8,000 ரூபாய். சேரட்டுமா?”

வேண்டாம். வொர்க், லிவ் மாதிரி சொற்களில் ‘ஸின்ஸ் 2019’ கூடவே வந்தால் இரண்டுமே சரி. இரண்டுக்குமே இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். நீங்கள் பயப்பட வேண்டியது ‘ஐ ஆம் வொர்க்கிங் ஸின்ஸ் 2019’ என்பதற்கு. தமிழில் ‘2019லிருந்து வேலை பார்க்கிறேன்’ என்கிறோம் இல்லையா, அது அப்படியே வாயில் வந்துவிடும். அதைத் திருத்தச் சொல்லித்தர மாட்டார்கள். பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் சார்ட்டை லேமினேட் செய்து கையில் கொடுப்பார்கள்.

வித்தியாசம் தெரிவது வேறு இடத்தில். மேனேஜரிடம் ‘ஐ ஹேவ் செக்டு த பில்ஸ்’ என்றால் வேலை முடிந்தது, அவர் கையெழுத்துப் போடலாம். ‘ஐ ஹேவ் பீன் செக்கிங் த பில்ஸ்’ என்றால் காலையிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டுகிறீர்கள். முடிந்ததா என்பது அதில் இல்லை. எண்ணிக்கை சொன்னால் முதல் வகைதான்: ‘ஐ ஹேவ் ஃபைல்டு ட்வெல்வ் ரிட்டர்ன்ஸ்’.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம். ‘ஸின்ஸ்’ கண்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஹேவ் பீன்’ போடு, ஐ.என்.ஜி. சேர் என்று பள்ளியிலேயே பழக்கிவிடுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும், அவர்களுக்கு அது போதும். அந்தப் பழக்கத்தில்தான் ‘ஐ ஹேவ் பீன் நோயிங் அவர் ஆடிட்டர் ஸின்ஸ் 2019’ வருகிறது. தப்பு. ‘ஐ ஹேவ் நோன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஆடிட்டரை எனக்குத் தெரியும்’ என்போம். ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘காபி பிடிக்கும்’ சரி. ‘காபியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் கையில் டம்ளர் இருக்கிறது என்று அர்த்தம். தெரிவது, பிடிப்பது, நம்புவது எல்லாம் நாம் செய்துகொண்டிருக்கும் வேலை இல்லை, இருக்கும் நிலை. நோ, லைக், பிலீவ் ஆகியவையும் அப்படித்தான். எத்தனை வருடமானாலும் ‘ஹேவ் நோன்’, ‘ஹேவ் லைக்டு’.

அப்புறம், ரெஸ்யூமே எழுதித் தருகிறேன் என்று 1,500 ரூபாய் வாங்கும் ஆட்களிடமும் ஜாக்கிரதை. ஒருவருடையதை நானே பார்த்தேன்: ‘ஐ ஹேவ் பீன் ப்ரமோட்டிங் இன் 2022’. பதவி உயர்வு கிடைத்தது அவருக்கு. படிப்பவருக்கோ அவர் எதையோ விளம்பரம் செய்த மாதிரி இருக்கும். அதோடு, 2022 என்று வருடத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ எதற்கு? ‘ஐ வாஸ் ப்ரமோட்டட் இன் 2022’, அவ்வளவுதான்.

இன்டர்வியூவில் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் அக்கவுன்ட்ஸ் ஸின்ஸ் 2019’ என்றே சொல்லுங்கள். சென்டர்காரர் சொன்ன காரணத்துக்காக இல்லை, காதுக்கு இயல்பாக இருக்கிறது, அதற்காக. வாய் தவறி ‘ஹேவ் வொர்க்டு’ என்று வந்துவிட்டால் திருத்த வேண்டாம், அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள்.