வர்ஜீனியா லைசென்ஸில் மேரிலாந்துக் குழந்தைக்கு தெரபி தரலாமா?

கே: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) தருகிறேன். ஒரு குடும்பம் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோருக்கு வீடு மாறிவிட்டது. வீடியோவில் தொடரலாமா? ‘ஓ.டி. கம்பாக்ட்’ (ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்காக மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம்) இருப்பதால் வர்ஜீனியா லைசென்ஸே போதும் என்கிறார்களே?

ப: போதாது. குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சிகிச்சை நடப்பதாகக் கணக்கு. உங்கள் கேமரா ரிச்மண்டில், கத்தரிக்கோல் பிடித்துப் பழகும் கை பால்டிமோரில் என்றால் மேரிலாந்து சட்டம்தான் செல்லும்.

நர்ஸ்களுடைய ஒப்பந்தத்தைப் பார்த்து வரும் குழப்பம் இது. அவர்களுக்கு ஒரே லைசென்ஸ் பல மாநிலங்களில் ஓடும். நமக்கோ வேலை செய்யும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி ‘பிரிவிலேஜ்’ (அங்கே தொழில் செய்யும் அனுமதி) வாங்க வேண்டும். கம்பாக்டில் சேர 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றியுள்ளன. வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 2021-லேயே சேர்ந்தவை. ஆனால் சட்டம் இயற்றுவது ஒன்று, பிரிவிலேஜ் கொடுக்கத் தொடங்குவது வேறு. கம்பாக்ட் இணையதள வரைபடத்தில் இரண்டு மாநிலங்களின் நிலையையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உங்கள் லைசென்ஸ் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தினுடையதாக இருக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ், வரி ரிட்டர்ன் போன்றவற்றால் அதைக் காட்டலாம். உங்கள் தொழில் லைசென்ஸ் மேல் எந்தக் கட்டுப்பாடும் இருக்கக் கூடாது. எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகியிருந்தால், அபராதம், நிபந்தனை எல்லாம் முடிந்து 2 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். கைரேகை வைத்து எஃப்.பி.ஐ. குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. பழைய லைசென்ஸ்காரர்கள் பலர் கைரேகையே கொடுத்திருக்க மாட்டார்கள். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். போகும் மாநிலம் சட்டத் தேர்வு கேட்டால் அதையும் எழுத வேண்டும்.

பிரிவிலேஜ் உங்கள் சொந்த மாநில லைசென்ஸ் காலாவதியாகும் நாளோடு முடிந்துவிடும். புதுப்பிக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், முதலில் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். தொடர்கல்வி மணிநேரம் சொந்த மாநிலத்துக்குக் காட்டினால் போதும். இன்ஷூரன்ஸ் பணம் தனிக் கதை: மேரிலாந்து மெடிக்கெய்டில் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிவு செய்யாவிட்டால் பிரிவிலேஜ் இருந்தும் பில் திரும்பிவிடும்.

கே: சென்னையில் படித்து எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் வேலை செய்கிறேன். பிரிவிலேஜ் வாங்கி, வார இறுதியில் பக்கத்து மாநிலத்தில் தனியாக கிளையன்ட் பார்க்கலாமா?

ப: கூடாது. பிரிவிலேஜ் தொழில் செய்யத்தான் அனுமதி, விசா அனுமதி அல்ல. உங்கள் விசாவுக்கு மனு போட்ட முதலாளியைத் தவிர வேறு யாரிடமும், சொந்தமாகவும் சம்பாதிக்க முடியாது. அதே முதலாளி வேறு பெருநகரப் பகுதிக்கு மாற்றினாலும், திருத்திய மனு தாக்கலாகும் முன் அங்கே வேலையைத் தொடங்காதீர்கள்.

கே: கலிஃபோர்னியாவுக்குக் குடிபோனால் என் பிரிவிலேஜ் எல்லாம் என்ன ஆகும்?

ப: போய்விடும். கலிஃபோர்னியா கம்பாக்டில் இல்லை. உங்கள் பழைய லைசென்ஸ் அதைக் கொடுத்த மாநிலத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிடும். வேறொரு உறுப்பு மாநிலத்துக்குப் போவதானால், அங்கே ஏற்கெனவே இருக்கும் பிரிவிலேஜைச் சொந்த மாநில லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆகவே வீடு மாறும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.