ஒருவருக்கு ஒரு பாக்கெட்தான் என்று கடை சொல்லலாமா?

கேள்வி: கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில் நடந்தது இது. படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவுக்குப் பெரியவர்களுக்கான டயபர் தினமும் வேண்டும். வழக்கமாக வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் திடீரென்று 'ஒருவருக்கு ஒரு பாக்கெட் மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். ஒரு பாக்கெட் அம்மாவுக்கு இரண்டு நாளைக்குத்தான் வரும். நான் ஒன்று, மனைவி ஒன்று என்று தனித்தனியாக பில் போடப் போனோம். ஒரே குடும்பம் என்று சொல்லி, இரண்டாவதை பில் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். மேலாளரிடம் அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். "உங்களைப் போல் பதுக்குகிறவர்களால்தான் மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை" என்று வரிசையில் நின்ற எல்லோர் முன்பும் சொல்லி, இனிமேல் கடைக்கு வரவேண்டாம் என்றார். அதே கடைக்கு ஆன்லைனில் நான்கு பாக்கெட்டுக்குப் பணம் கட்டினேன், ஒன்றுதான் வந்தது. மீதிப் பணம் வெகுநாள் கழித்துத்தான் திரும்பியது. கடைசியில், அடுக்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். பணம் கொடுத்து வாங்க வருகிறவரிடம் 'இவ்வளவுதான்' என்று சொல்லக் கடைக்கு உரிமை உண்டா? மறுபடி இப்படி ஒரு நிலை வந்தால் நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் பல நாடுகளுக்கும் பொருந்தக்கூடியதைச் சொல்லி, வித்தியாசம் வரும் இடங்களில் நாட்டின் பெயரையும் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: உண்டு. அலமாரியில் விலை போட்டு அடுக்கி வைத்திருப்பது, 'வாங்க வாருங்கள்' என்ற அழைப்பு மட்டுமே. நீங்கள் பொருளை எடுத்து வந்து பில் போடும் இடத்தில் நீட்டும்போதுதான் 'வாங்குகிறேன்' என்கிறீர்கள். கடை அதை ஏற்கலாம், மறுக்கலாம். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1953இல் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் இப்படித் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வழக்கறிஞர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் கதை வேறு. அங்கே விலையோடு காட்சிக்கு வைத்தாலே பொதுவாக அது விற்பதற்கான முன்மொழிவுதான். பிரான்சில் நியாயமான காரணம் இல்லாமல் நுகர்வோருக்கு விற்க மறுப்பதற்கே தடை உண்டு. ஆனால் தட்டுப்பாட்டு நேரத்தில் 'ஒருவருக்கு ஒன்று' என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்த கடை, அந்த நாடுகளிலும் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

பில் போட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு நிலைமை மாறிவிடும். அப்போது பொருள் உங்களுடையது. 'அளவுக்கு மேல் வாங்கிவிட்டீர்கள்' என்று அதற்கப்புறம் பையிலிருந்து எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் விஷயத்தில் பில் போடும் முன்பே எடுத்துவிட்டதால் அந்த வாதம் கிடைக்காது. மனைவி தனியாக நின்றாரே என்றால், அறிவிப்பில் இருந்தது 'ஒருவருக்கு' என்பது, 'குடும்பத்துக்கு' என்பது அல்ல. எழுதிய விதியைக் காசாளர் அந்த இடத்திலேயே மாற்றியது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒப்பந்தமே ஏற்படாத நிலையில், அதை வைத்து மட்டும் இழப்பீடு கேட்க முடியாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இது அரசு போட்ட ரேஷன் அல்ல. பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை இருந்தது அரசு ரேஷன். ஒவ்வொருவருக்கும் ரேஷன் புத்தகம் இருந்தது, அதில் இருந்த பங்கு சட்டப்படி அவருக்கு உரியது. 2020இல் நாம் பார்த்ததில் பெரும்பகுதி கடைகள் தாங்களாகவே வைத்த விதி. அரசு உத்தரவு என்றால் மேலாளர் அதை மீற முடியாது. கடையே வைத்த விதி என்றால், அவர் நினைத்தால் தளர்த்தலாம். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு என்பது பார்வைக்குச் சமமாகத் தெரியும். ஆனால் டயபர் இல்லாமல் ஒரு நாளும் கழிக்க முடியாதவருக்கு அந்த ஒரே அளவு மிகப் பெரிய சுமை. இதைச் சட்டம் கவனிக்காமல் விடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, அவர்களுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே சொல்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி கடைகளுக்கே அந்தக் கடமை உண்டு. அந்த நாட்களில் பல நாடுகளின் சூப்பர் மார்க்கெட்டுகள் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி நேரம் ஒதுக்கியதை நினைத்துப் பாருங்கள். விதியை வளைக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அம்மாவின் நிலைமையைச் சொன்ன பிறகும் காது கொடுக்காமல் மறுத்தார்களே, என் பார்வையில் அந்தக் கடை செய்த உண்மையான தவறு அதுதான்.

கடைக்கு வரவேண்டாம் என்று சொன்னதும் இதே தராசில்தான் நிற்கும். கடை தனியார் இடம். அனுமதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவருக்காகக் கூடுதல் கேட்டதற்கே தடை என்றால், சமத்துவச் சட்டம் உள்ள நாடுகளில் அதற்குக் கடை விளக்கம் சொல்லியாக வேண்டும். 'பதுக்குகிறவர்' என்று எல்லோர் முன்பும் சொன்னது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று புரிகிறது. இருந்தாலும் அவதூறு வழக்கு போடச் சொல்ல மாட்டேன். வாய்வார்த்தையாகச் சொன்னதற்குச் சாட்சி தேடி, நஷ்டத்தை நிரூபிப்பதற்குள் நீங்கள் ஓய்ந்துவிடுவீர்கள். மேலாளர் உங்களிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் மனசாட்சிக்காகவும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் 1950ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உற்பத்திச் சட்டம் பதுக்கலை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? அரசு தட்டுப்பாட்டுப் பொருள் என்று அறிவித்ததை, வீட்டின் நியாயமான தேவைக்கு மேல் சேர்ப்பது, அல்லது சந்தை விலைக்கு மேல் விற்பதற்காகச் சேர்ப்பது. நான்கு நாளைக்கு வேண்டியதை வாங்கப் போனவர் எந்த அளவுகோலிலும் பதுக்கல்காரர் ஆகமாட்டார்.

ஆன்லைன் விஷயம் சுலபம். பெரும்பாலான கடைகளின் நிபந்தனைகளில், பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் முடிவாகிறது என்று இருக்கும். அப்படியானால் மூன்றை அனுப்பாததற்கு வழக்கு இல்லை. ஆனால் அனுப்பாத பொருளுக்கான பணத்தை வைத்துக்கொண்டிருக்க அவர்களுக்கு உரிமை இல்லை. தாமதத்துக்குப் புகார் செய்யலாம்.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். கலிபோர்னியாவில் அவசரநிலை அறிவித்த பின், முன்பிருந்த விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விற்பது குற்றம். அந்தச் சட்டத்தின் அவசரப் பொருட்கள் பட்டியலில் டயபர் பெயர் சொல்லியே இருக்கிறது. முன்பு அந்தப் பொருளை விற்காதவர், தான் வாங்கிய விலைக்கு மேல் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பின்னர் சேர்த்தார்கள். இரண்டு மடங்கு என்பது அங்கே நிற்காது. ஆஸ்திரேலியா 2020 மார்ச் இறுதியில், கடையில் வாங்கிய முகக்கவசம், கிருமிநாசினி போன்றவற்றை 20 சதவீதத்துக்கு மேல் லாபம் வைத்து மறுவிற்பனை செய்வதைக் குற்றமாக்கியது. டயபர் அதில் இல்லை. இந்தியாவும் அதே மார்ச்சில் முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும்தான் 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆகவே புகார் கொடுக்கும் முன், உங்கள் நாட்டுப் பட்டியலில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கிய உங்கள் மேல் தவறு இல்லை.

மறுபடி இப்படி ஒரு நிலை வந்தால், வரிசையில் நின்று வாதாடாதீர்கள். காசாளருக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் இருக்காது. காலை முதல் கோபத்தைக் கேட்டு அவரும் நொந்து போயிருப்பார். மருத்துவரிடம் ஒரு சின்னச் சான்று வாங்கி, கடைக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். இவ்வளவு போதும்: "என் தாயார் மாற்றுத்திறனாளி. அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை டயபர் தேவை, சான்று இணைத்துள்ளேன். உங்கள் உச்சவரம்பிலிருந்து வாரத்துக்கு இத்தனை பாக்கெட் அளவுக்கு விலக்கு தரவும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பதில் எழுத வேண்டியவர் மேலாளராக இருக்க மாட்டார், அவருக்கு மேலே உள்ளவராக இருப்பார்.

கடையில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படம் எடுத்து வையுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்த தேதியைக் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் கெடு குறுகியது. பிரிட்டனில் கடையின் பாகுபாட்டுக்கு எதிரான வழக்கை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. கொரோனா நாட்களில் நடந்ததற்கு இப்போது அந்த வழிகள் அநேகமாக அடைபட்டிருக்கும். கடை உங்களிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று எழுதும் கடிதத்துக்குக் கெடு எதுவும் இல்லை, அதை இந்த வாரமே அனுப்பலாம்.