ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்டுபாய்ல ஒரிஜினல் மாதிரி வரலையா?

கேள்வி: அண்ணா, ஆர்டுபாய்ல (நாமளே கோடு எழுதி ஏத்தற குட்டி கேம் மெஷின்) ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எழுதிட்டு இருக்கேன், அதான் மேலருந்து இறங்கற ஏலியன் கூட்டத்தை சுடற பழைய கேம். எல்லாம் ஓடுது, ஆனா அந்த பதட்டம் வரவே இல்ல. மொத்த கூட்டமும் ஒரே நேரத்துல டக் டக்னு தாவுது. இத்தனை ஏலியன் மிச்சம்னா இத்தனை வேகம்னு டேபிள் போட்டும் செட் ஆகல. அஞ்சு வரிசையும் ஸ்க்ரீன்ல அடங்கவும் மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, முதல்ல அந்த டேபிளை தூக்கிடுங்க. 1978ல டைட்டோங்கற ஜப்பான் கம்பெனில நிஷிகாடோ இந்த கேமை செஞ்சப்போ போர்டுல இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் 8080 சிப்பு, அது 55 ஏலியனையும் ஒரே ஃப்ரேம்ல (ஸ்க்ரீன்ல ஒரு தடவை படம் வர்ற நேரம்) அழிச்சு திருப்பி வரையற அளவுக்கு வேகம் கிடையாது, அதனால ஒரு ஃப்ரேமுக்கு ஒரே ஒரு ஏலியன்தான் நகரும். செகண்டுக்கு 60 ஃப்ரேம், அப்போ கூட்டம் முழுசா ஒரு எட்டு வைக்கவே கிட்டத்தட்ட ஒரு செகண்ட் ஆயிடும். பாதியை சுட்டுட்டீங்கன்னா அரை செகண்ட், கடைசி ஒத்த ஏலியன் ஒவ்வொரு ஃப்ரேமும் ஓடும். நீங்க சுட சுட வேகம் தானா ஏறும், அந்த பதட்டமே இதுலதான் இருக்கு. நிஷிகாடோவும் அது நல்லா இருக்குன்னு அப்படியே விட்டுட்டார்.

உங்க கோடுல ஒரே ஒரு இன்டெக்ஸ் போதும், இப்போ எந்த ஏலியன் நகரணும்னு சொல்ற நம்பர். கீழ் வரிசை இடது ஓரத்துல ஆரம்பிங்க, வலது பக்கமா போயி அப்புறம் மேல் வரிசை. செத்த ஏலியன் வந்தா அதே ஃப்ரேம்லயே தாண்டி உயிரோட இருக்கற அடுத்ததுக்கு போயிடணும், இதை விட்டீங்கன்னா வேகம் ஏறவே ஏறாது. ஓரத்துல ஒண்ணு முட்டின உடனே திசையை மாத்திடாதீங்க, முட்டிடுச்சுன்னு ஒரு ஃப்ளாக் மட்டும் போட்டு வெச்சுட்டு, எல்லா ஏலியனும் ஒரு தடவை நகர்ந்து முடிஞ்சப்புறம் மாத்துங்க, இல்லனா பாதி கூட்டம் ஒரு பக்கம் மீதி ஒரு பக்கம்னு பிஞ்சு போயிடும். கோடை நிறுத்தி வெக்கற டிலே எங்கயும் போடாதீங்க, அடுத்த ஃப்ரேமுக்கு நேரம் ஆச்சான்னு ஆர்டுபாயோட நெக்ஸ்ட்ஃப்ரேம் ஃபங்ஷனே பாத்துக்கும்.

அளவுக்கு வருவோம். ஒரிஜினல் ஸ்க்ரீன் 224க்கு 256, நிக்க வெச்ச மானிட்டர். உங்களோடது 128க்கு 64. ஏலியனை 7 பிக்சல் அகலத்துல வரைஞ்சு 9 பிக்சலுக்கு ஒண்ணா வெச்சா 11 பத்தியும் 99 பிக்சல்ல அடங்கிடும், அகல விகிதம் ஒரிஜினலுக்கு ரொம்ப கிட்ட வரும். உயரம்தான் இடிக்குது, அதனால ஒரு வரிசையை விட்டுட்டு நாலா வைங்க, 44 ஏலியன். எனக்கும் மனசு வராதுதான், ஆனா அஞ்சையும் திணிச்சா கீழ விளையாடவே இடம் இருக்காது. பக்கவாட்டுல ஒரு தடவை நகர 1 பிக்சல், இறங்கறப்போ 2 பிக்சல் போதும். கடைசி ஏலியனுக்கு மட்டும் வலது பக்கம் போறப்போ 2 பிக்சல் குடுங்க, ஒரிஜினல்லயும் அது இடது பக்கம் 2, வலது பக்கம் 3னுதான் ஓடும்.

கலர் இல்லன்னு கவலையே வேணாம், அந்த கேமும் கருப்பு வெள்ளைதான், ஸ்க்ரீன் மேல கலர் பேப்பர் ஒட்டியிருந்தாங்க.

அப்புறம் ஷீல்டு, அதான் குண்டு பட பட ஓட்டையாகற தடுப்பு. இதை நிறைய பேர் ப்ரோக்மெம்ல வெச்சுடறாங்க, அது கேம் ஓடறப்போ மாத்த முடியாத மெமரி, அங்க இருந்தா துளை விழாது. ஒண்ணு 12க்கு 8 பிக்சல்னா 12 பைட், நாலும் சேர்த்து 48 பைட்தான், 2.5 கேபி ரேம்ல ஸ்க்ரீன் பஃபர் 1 கேபி எடுத்தாலும் தாராளமா இடம் இருக்கு. ஷீல்டு, ஏலியன் ரெண்டையும் வரைஞ்சுட்டு, குண்டை வரையறதுக்கு முன்னாடி அந்த இடத்துல பிக்சல் எரியுதான்னு கெட்பிக்சல் ஃபங்ஷன்ல பாருங்க, எரிஞ்சா மோதல்.

சவுண்டுக்கு நாலு நோட்டு பேஸ் போதும், மிச்சம் எத்தனை ஏலியன் இருக்குன்னு பாத்து இடைவெளியை குறைச்சுட்டே வாங்க.